மொட்டை மூக்குத் தோட்டா

கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர் கேட்பார். "சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்சை வந்து தோட்டாவுக்குள்ளை கையை வச்சிருக்கிறியள். எப்பிடி மனம் வந்தது?" நான் சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன். இப்போது ஓய்வு எடுத்துவிட்டேன். சங்க மலருக்கு எழுதித் தரும்படி தம்பிமார் வந்து கேட்டார்கள். பஸ் ஓட்டியவர், வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தவர், மீன் ஆலையில் நின்றவர் எல்லாரும் எழுதிவிட்டார்களாம். மிச்சம் இருப்பது துவக்கு, துப்பாக்கி என்று விற்ற கடைக்காரன் நான்தானாம். எனக்கு எழுத்து ஓடாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கண்டதைச் சொல்கிறேன்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், ஆற்றோடு ஒட்டிய ஒரு சந்தில் அந்த வேட்டைச் சாமான் கடை இருந்தது. இப்போது ஸ்ட்ரோம்மன் பக்கம் போய்விட்டது. கண்ணாடிக் கதவு, மழைச் சட்டை, சப்பாத்து. பின்னறை கிடையாது. நான் போன காலத்தில் பின்னறைதான் கடை.

முதலில் நிலம் துடைக்கத்தான் போனேன். காலையில் முன்பக்கம் துடைத்து முடித்துப் பின்னறைக்குப் போனால் எண்ணெய் மணமும் கோப்பி மணமும் சேர்ந்து வரும். யன்னலுக்கு வெளியே ஆறு. குளிர்காலத்தில் அங்கே விடிவது என்பது இருட்டு கொஞ்சம் வெளிறுவது. அந்த வெளிச்சத்தில் மேசை நிறையப் பித்தளைக் கோதுகள் வரிசையாக நிற்கும். விளக்கு ஏற்றாமலே மினுங்கும். நான் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மேசைக்காரர் பெயர் சிகுர்ட். நெட்டை ஆள். கை பெரிது. ஒரு நாள் திரும்பிப் பார்த்துக் கேட்டார். நொஸ்க் என்கிற நோர்வே மொழியில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவர்களுக்கு எல்லாருக்கும் ஒரே 'நீ'தான்.

"நீ ஏன் ஒண்டும் கதைக்கிறேல்லை?"

"கதைக்க ஒண்டுமில்லை."

"நல்லது. துடைப்பத்தை வை. வந்து இரு."

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பழகிய வருசங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருந்தேன், பார்த்தேன், செய்தேன்.

தோட்டா என்பது நாலு சாமான். பித்தளைக் கோது, அதன் அடியில் ஊசி அடித்தால் பொறி கக்கும் சின்னக் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டால் மற்றதெல்லாம் போய்விடும், கோது மிஞ்சும். அதைக் கழுவி, பழைய அளவுக்கு அழுத்தி, புதுக் கேப்பு வைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்தினால் மறுபடி தோட்டா. இங்கே வேட்டைக்காரர் பலர் இதை வீட்டு நிலவறையில் தாங்களே செய்வார்கள். எங்கள் சனம் மிளகாய்த் தூள் வறுத்து இடிக்கிற மாதிரி. கடையில் கிடைக்கும். ஆனாலும் தன் கைப்பதம் வேண்டும். அவர்களுக்குச் சாமான் விற்பதும், சந்தேகத்தோடு கொண்டுவருவதைச் சோதித்துக் கொடுப்பதும் எங்கள் வேலை.

இந்தக் கதை முப்பது-முப்பது என்கிற தோட்டாவைப் பற்றியது. அது லீவர் துவக்குக்கு உரியது. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி இருக்கும். கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கோது வெளியே பாயும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்கள் சுடு குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் கிடப்பதன் மூக்கு முன்னால் கிடப்பதன் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். கேப்பு இருப்பது அந்த அடியில். மூக்குக் கூராக இருந்தால், துவக்கு உதைக்கும்போது கேப்பில் குத்தும். குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். சுடுகிறவனின் இடது கை அந்தக் குழாயைத்தான் தாங்கிப் பிடித்திருக்கும். ஆகவே இதற்கு மொட்டை மூக்குக் குண்டு. பெரிய எல்க் மானுக்கு இந்தத் தோட்டாவின் பலம் காணாது, சட்டமும் விடாது. ரோடிர் என்கிற சின்ன மானுக்கு விடும்.

சிகுர்ட்டின் மேசைக்குச் சில வழக்கங்கள் இருந்தன. வேலைக்கு இருக்கமுன் ரேடியோவை நிறுத்துவார். கதவைச் சாத்துவார். மணிக்கூட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் முகம் சுவரைப் பார்க்கத் தொங்கவிடுவார். மணி பார்க்கிறவன் அவசரப்படுவானாம். மேசையில் மருந்து அடைத்த தகரப் பேணி ஒன்று மட்டும். இரண்டாவது பேணி அலுமாரியை விட்டு வராது. துளை போட்ட பலகையில் கோதுகள் வாய் மேலே பார்க்க நிற்கும். மருந்து போட்டு முடிந்ததும் சின்ன டோர்ச் லைட்டை எடுத்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் அடிப்பார். எல்லாக் கிணற்றிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிற மாதிரி மருந்து நிற்க வேண்டும். அதைப் பாராமல் குண்டு பொருத்தக்கூடாது. இடையில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் எல்லாக் கோதையும் கவிழ்த்து மருந்தைப் பேணிக்குள் ஊற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். முகத்தில் கோபம் இருக்காது. மழை வந்தால் குடை விரிக்கிற மாதிரிச் செய்வார்.

பிழை என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நான் செய்த கோது சரியில்லை என்றால் அதைத் தலைகீழாக நிறுத்துவார். சரி என்றால் தொடமாட்டார். ஒரு நாள் பின்னேரம் மேசையைப் பார்த்தேன். ஒன்றும் தலைகீழாக நிற்கவில்லை. அன்று அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மற்றவன் நிரப்பிய தோட்டாவை உன் துவக்கில் போடாதே, மற்றவன் துவக்குக்கு நீ தோட்டா நிரப்பாதே. காசு தந்தாலும் செய்யமாட்டார். பல வாடிக்கையாளரோடு இதில் முகம் கோணியிருக்கிறது.

ரொம்சோசில் எங்கள் வீடு. என் மனுசி வசந்தா முதல் வருசம் என் சட்டையைத் தனியாகத் தோய்த்தாள்.

"கோயிலுக்கு வரேக்கை எண்டாலும் இந்த மணத்தை விட்டிட்டு வாங்கோ. ஐயர் திருநீறு தராமல் ஓடப் போறார்."

"மருந்து மணக்காது. எண்ணெய்தான் மணக்குது."

"ஓம், சந்தன எண்ணெய்."

சிகுர்ட் இலையுதிர் காலத்தில் எல்க் இறைச்சி தருவார். வசந்தா அதைச் சரக்குத் தூள் போட்டுப் பிரட்டல் கறி வைப்பாள். ஒருமுறை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வந்த நாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் பருப்பும் கத்தரிக்காயும். தான் தந்த இறைச்சி எங்கே என்று அவர் கேட்கவில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கினார். அடுத்த கிழமை சனிக்கிழமை பார்த்து வந்து, அந்தக் கறியை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு வசந்தாவைக் கேட்டார்: "இந்தத் தூள் எத்தினை கிராம் போட்டனீ?" கையைக் காட்டினாள். "நிறுக்கிறேல்லையோ?" என்றார். அதற்குப் பிறகு சில நாள் மேசையில் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

இனித் தூர்லெய்ஃப்பின் கதை.

தூர்லெய்ஃப் சிகுர்ட்டோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். ஹவுகெட்டோவில் சொந்த வீடு, நிலவறையில் மேசை. லீவர் துவக்கு அவருடைய தகப்பன் கொடுத்தது. கடைக்கு வந்தால் முன்பக்கத்தில் நின்று, புதிதாகத் துவக்கு வாங்க வருகிறவர்களைப் பிடித்துக்கொள்வார். இடது கையை விரித்துக் காட்டுவார். "எண்ணிப் பார். அஞ்சும் இருக்கு. ஏன் தெரியுமோ? மொட்டை மூக்கு." சனம் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

ஒரு கோடைகால முடிவில் அவருடைய மனுசி இங்கர் தனியாகக் கடைக்கு வந்தா. மழை. கோட்டைக் கழற்றாமல் நேரே பின்னறைக்குள் வந்தா. கைப்பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தா.

"இது அவர் இந்தக் கோடையிலை நிரப்பினது. நான் எடுத்து வந்தது அவருக்குத் தெரியாது."

"ஏன் கொண்டு வந்தனீ?" என்றார் சிகுர்ட்.

"கார்த் திறப்பைப் பிரிட்ஜுக்குள்ளை வைக்கிறார். கதையை நடுவிலை விட்டிட்டு வேறை கதைக்குப் போறார். நிலவறையிலை என்ன செய்யிறாரெண்டு எனக்குத் தெரியேல்லை. நீ பார்."

சிகுர்ட் பெட்டியைத் திறந்தார். திறந்ததுமே தெரிந்துவிட்டது. முன் வரிசை மொட்டை மூக்கு. நடுவிலிருந்து கூர் மூக்கு. தூர்லெய்ஃப்பிடம் வேறு ஒரு துவக்கும் இருந்தது. அதற்குரிய கூர்க் குண்டும் இதே தடிப்புத்தான், இந்தக் கோதிலும் இறங்கும். பக்கத்தில் இருந்ததை எடுத்திருக்கிறார்.

சிகுர்ட் என்னைப் பார்த்தார். நான் குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்தேன். அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். ஒவ்வொன்றாகத் தட்டினேன். சிலதில் மருந்து சரியாக இருந்தது, ஒரு மணி கூடக் குறையவில்லை. சிலதில் ஒன்றுமே இல்லை. வெறும் கோது, கேப்பு, குண்டு. அப்படி ஒன்றைச் சுட்டால் கேப்பின் பலத்தில் குண்டு குழலுக்குள் பாதி வழியில் போய் நிற்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் முகத்துக்கு முன்னால் பிளக்கும்.

வெறுமையாக இருந்ததை நான் தலைகீழாக நிறுத்தினேன். சிகுர்ட் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டொக்டரிட்டைச் சொல்லலாம்," என்றார். "டொக்டர் பொலிசுக்கு எழுதுவார். பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போவாங்கள்."

"அதுதான் வேண்டாம் எண்டு வந்தனான்," என்றா இங்கர். "அவரே துவக்கைக் கீழை வைக்கோணும். பறிச்சால் அந்த மனுசன் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது. மான் வேட்டை தொடங்கமுதல் அவரே வைக்கோணும். அவர் வைக்காட்டி, நானே பொலிசுக்குப் போறன். அதையும் சொல்லிப் போட்டன்."

இங்கர் போன பிறகு சிகுர்ட் யன்னலடியில் நின்று ஆற்றைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நீ போ."

"நானோ? அவர் உன்ரை கூட்டாளி."

"நான் போனால் தீர்ப்புச் சொல்ல வந்தவன். நீ போனால் கோப்பி குடிக்க வந்தவன். நீ கதைக்கமாட்டாய். அது போதும்."

அடுத்த சனிக்கிழமை ரயிலேறி ஹவுகெட்டோவுக்குப் போனேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடையும் பேர்ச் மரங்களும். இலை ஒன்றிரண்டு மஞ்சள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். இறங்கும்வரை ஒன்றும் வரவில்லை.

தூர்லெய்ஃப்புக்கு என்னைக் கண்டதில் சந்தோசம். இங்கர் வாஃபிள் சுட்டுத் தந்தா. என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என்னை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மேசை துப்புரவு. பாதாள யன்னலால் புல்லின் அடிப்பக்கம் தெரிந்தது. வெயில் புல்லுக்குள்ளால் பச்சையாக வந்து அவர் கையில் விழுந்தது. "கொஞ்சம் நிரப்புவம்," என்றார். கதிரையில் இருந்தேன். அவர் கை வேலை செய்யத் தொடங்கியது. அப்படி ஒரு கையை நான் முன்னமும் காணவில்லை, பிறகும் காணவில்லை. கோதை எடுக்கும், திருப்பும், வைக்கும். மேசையோடு பூட்டிய இரும்பு அழுத்தியின் பிடி இறங்கும், ஏறும். தராசுத் தட்டு ஆடி நிற்கும். சத்தமே இல்லை. தண்ணீருக்கு அடியில் நடக்கிற வேலை மாதிரி இருந்தது. இந்த மனிதனுக்கா மறதி என்று எனக்கே நம்பிக்கை குறைந்தது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் நானும் எதற்கு வந்தேன் என்பதை மறந்துவிட்டேன் போல.

மேலே இங்கரின் காலடி கேட்டது. தூர்லெய்ஃப் தலையைத் தூக்கினார். யன்னலைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். புல் அசைந்தது. பிறகு கை திரும்பி வந்தது. ஆனால் விட்ட இடத்துக்கு வரவில்லை. பலகையில் கடைசி வரிசைக்கு இன்னும் மருந்து போடவில்லை. அவர் அதில் ஒரு கோதை எடுத்து அழுத்தியில் வைத்தார். வலது பக்கம் இரண்டு பெட்டி திறந்திருந்தன. கூர்க் குண்டு ஒன்றை எடுத்துக் கோதின் வாயில் வைத்தார்.

நான் எழும்பவில்லை. டோர்ச் லைட் பலகைக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கினார். குண்டை எடுத்து வைத்துவிட்டுக் கோதுக்குள் அடித்தார். பிறகு பலகையில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனார். கடைசி வரிசைக்கு வந்ததும் லைட் நின்றது. பிறகு குண்டுப் பெட்டிகளுக்கு அடித்தார். பகல் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் வட்டம் கூர்க் குண்டுகளின் மேல் கனநேரம் நின்றது.

"எவ்வளவு காலமா?"

"தெரியேல்லை. இந்தக் கோடையிலை இருக்கலாம்."

"முன்னம் நிரப்பினது?"

"இங்கர் கடைக்குக் கொண்டு வந்தவ. கழட்டிப் பாத்தனாங்கள்."

"அதிலையும்?"

"ஓம்."

லைட்டை அணைத்தார்.

"வயசு போய் மடையனானால் எனக்குச் சொல்லு எண்டு சிகுர்ட்டைக் கேட்டிருந்தனான். உன்னை அனுப்பியிருக்கிறான்."

"ஓம்."

"கதைக்காத ஆளைப் பாத்து."

"ஓம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு சுவரிலிருந்து ஸ்பானர் ஒன்றை எடுத்து மேசைக்குக் கீழே குனிந்தார். அழுத்தியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் பிடிக்கப் போனேன். "விடு," என்றார். இரும்பைத் தானே தூக்கி நிலத்தில் வைத்தார். மேசையில் அது இருந்த இடம் மட்டும் புதுப் பலகை நிறத்தில் இருந்தது.

"மற்றத் துவக்கை இண்டைக்கே கொண்டு போ எண்டு சிகுர்ட்டிட்டைச் சொல்லு. அப்பான்ரையையும் அவன்ரை இரும்பு அலுமாரியிலை வைக்கட்டும். ஆனால் ஒரு விசயம்." மூச்சு எடுத்தார். "வேட்டையின்ரை முதல் நாள் காட்டோரத்திலை நான் இருக்காத வருசமில்லை. வெறுங்கையோடை இருக்க எனக்குத் தெரியாது. மருந்தில்லாத தோட்டா செய்து தா. மொட்டை மூக்கு. குழாய் நிறைய."

சிகுர்ட்டிடம் வந்து சொன்னேன். மற்றவன் துவக்குக்கு நிரப்புவதில்லை என்பது அவர் சட்டம். நெற்றியைச் சொறிந்தார்.

"மருந்தில்லை, கேப்பில்லை. அது தோட்டா இல்லை," என்றார். "செய்."

பழைய கோதுகளில் செய்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துளையிட்டேன். யார் எடுத்தாலும் வெறுந்தோட்டா என்று தெரிய வேண்டும். கேப்பு இருக்கும் குழிக்குள் அழிறப்பர் வெட்டி வைத்தேன். ஊசி வந்து அடிக்கும்போது மெத்தென்று வாங்கிக்கொள்ளும். றப்பர் என் மகளின் பழைய கொம்பாஸ் பெட்டியில் கிடந்தது. மொட்டைக் குண்டு பொருத்தி, கோதின் வாயை மடித்து இறுக்கினேன். உண்மையான தோட்டாவுக்குச் செய்வது எல்லாம் செய்தேன். சிகுர்ட் வந்து வரிசையைப் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை.

வேட்டை தொடங்கிய முதல் நாள் காலை மூன்று பேரும் போனோம். ஹவுகெட்டோவுக்குத் தெற்கே ஒரு பண்ணையின் காட்டோரம். பனிப்புகார் வயலை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடந்தது. ஸ்ப்ரூஸ் மரங்களின் தலை மட்டும் மேலே. சிகுர்ட் துவக்கை உறையிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். தூர்லெய்ஃப் ஒரு மரக்குற்றியில் இருந்து, துளை போட்ட தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் தள்ளினார். ஒவ்வொரு துளையையும் பெருவிரலால் தடவிவிட்டுத்தான் தள்ளினார். பிறகு லீவரை ஒருமுறை இறக்கி ஏற்றினார்.

இருந்தோம். காடு சொட்டியது. எங்கேயோ ரயில் போனது, அதுவும் புகாருக்குள்தான். நான் நித்திரையா விழிப்பா என்று தெரியாத மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் மான் நிற்கிறது. வந்ததை ஒருவரும் காணவில்லை. புகாரின் ஒரு துண்டு நிறம் மாறின மாதிரி நின்று மேய்ந்தது.

தூர்லெய்ஃப் துவக்கை உயர்த்தினார். விசையை இழுத்தார்.

டொக்.

மான் தலையைத் தூக்கியது. ஒரு காது எங்கள் பக்கம் திரும்பியது. திரும்பவும் குனிந்து மேய்ந்தது.

"உதை குறைவு," என்றார் தூர்லெய்ஃப்.

சிகுர்ட் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "மருந்தை மாத்திப் பார்," என்றார் கிசுகிசுத்து.

தூர்லெய்ஃப் லீவரை மெல்ல இறக்கி ஏற்றினார். தோட்டா ஒன்று பாசியில் விழுந்தது. மறுபடி இறக்கினார். ஒவ்வொன்றாகக் குழாய் வெறுமையாகும்வரை இறக்கினார். பிறகு சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. துவக்கைத் திறந்தபடியே இரண்டு கையாலும் சிகுர்ட்டிடம் நீட்டினார்.

"எடு."

"இப்பவோ?"

"இப்பவே. ஆர் ஆரெண்டு எனக்கு இன்னும் தெரியுது. நீ சிகுர்ட். இது அப்பான்ரை துவக்கு. எடு."

சிகுர்ட் வாங்கினார். வாங்கின பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பிறகு இருந்தார். தூர்லெய்ஃப் வெறுங்கையை முழங்காலில் வைத்து மானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கோப்பி ஊற்றினேன். ஆவி எழும்பிப் புகாருக்குள் போனது. கோப்பையை வாங்கத் தூர்லெய்ஃப்பின் கை தானாக வந்தது. மான் எப்போது போனது என்று நாங்கள் ஒருவரும் காணவில்லை.